உங்க புரோகிராம் வெப்சைட்டில் என்ன பேர் சொல்லுது? 'யூசர் ஏஜென்ட்' பற்றி தெரிஞ்சுக்கோங்க!

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உள்ள வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி. இன்று எத்தனை அடி இருக்கு? பாசனத்தை நம்பியிருக்கும் விவசாயிக்கும் இது முக்கியம், அங்கிருந்து குடிநீர் பெறும் சென்னைக்கும் முக்கியம். சென்னை குடிநீர் வாரியம் இந்த அளவை தினமும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது.

இதுபோன்ற தகவலை தினமும் காலையில் எடுத்து, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட ஒரு மாணவர் புரோகிராம் எழுதுகிறார்னு வச்சுக்குவோம். போனில் திறக்கும் பக்கம்கூட சில இணையதளங்களில் புரோகிராமுக்குத் திறக்காது. '403' என்று பதில் வரும். ஏன்?

யூசர் ஏஜென்ட் என்றால் என்ன?

ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, கேட்பது யார் என்ற ஒரு வரியும் சர்வருக்குப் போகும். அதுதான் யூசர் ஏஜென்ட். போனில் குரோம் தன் பெயரைச் சொல்லும். பைத்தானில் எழுதினால், நாம் எதுவும் மாற்றாதவரை 'பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ்' போன்ற பொதுப் பெயர்தான் போகும். அதே பெயரில் ஆயிரக்கணக்கானோர் வருவதால், தொல்லை தருபவர்களோடு நம்மையும் சேர்த்துத் தடுத்துவிடுவார்கள்.

பெயரை மாற்ற முடியுமா?

முடியும். பெரும்பாலான புரோகிராமிங் கருவிகளில் ஒரே வரியில் மாற்றலாம். இதில்தான் சிக்கலும். அது வெறும் எழுத்து. யாரும் என்ன பெயரும் சொல்லலாம்.

பிரவுசர்களே இதைச் செய்திருக்கின்றன. 1990-களில் நெட்ஸ்கேப் பிரவுசர் 'மொஸில்லா' என்று சொல்லிக்கொண்டது. பல தளங்கள் அந்தப் பெயருக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் காட்டியதால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதே பெயரைச் சொன்னது. இன்றைக்கும் குரோம் அனுப்பும் வரி 'மொஸில்லா 5.0' என்றுதான் தொடங்குகிறது!

என்ன பெயர் வைக்கணும்?

தமிழ் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் விதி தெளிவாக இருக்கு: புரோகிராமின் பெயரும், தொடர்புகொள்ள முகவரியும் இருக்கணும். பிரவுசர் மாதிரி நடிக்கக் கூடாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இடம் தேடும் சேவையும் சொந்தப் பெயர் கேட்கிறது. நொடிக்கு ஒரு முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது.

'வீராணம் நீர்மட்டம் 1.0' என்ற பெயரோடு ஒரு மின்னஞ்சல் முகவரி சேர்த்தால் போதும். புரோகிராம் தவறிப்போய் நிமிடத்துக்கு நூறு முறை கேட்டாலும், தளத்தை நடத்துபவர் தடுப்பதற்கு முன் ஒரு மெயில் போட வாய்ப்பு உண்டு.

கவனிக்க வேண்டியவை

* தளத்தின் 'ரோபோட்ஸ்' கோப்பைப் படியுங்க. எந்தப் பெயருக்கு எங்கே அனுமதி இல்லை என்று அதில் இருக்கும்.

* தினம் ஒரு முறை மாறும் தகவலை தினம் ஒரு முறை கேட்டால் போதும்.

* தடுத்துவிட்டால் பெயரை மாற்றி நுழையாதீங்க, அனுமதி கேளுங்க. உரியவர் அனுமதியின்றி தரவை எடுப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவின்கீழ் வரக்கூடும்.