மாத்திரை எப்போது குறையும்?

நாமக்கல்காரரிடம் ஆஃப்பாயில் கூடாது என்பது கொஞ்சம் கொடுமைதான். ஆனாலும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். ஏன்? அரைவேக்காட்டில் சால்மோனெல்லா கிருமி பிழைத்திருக்கலாம்; அதை எதிர்க்கும் படையைத்தான் மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறோமே.

அடக்காவிட்டால் அந்தப் படையைச் சேர்ந்த டி-செல்கள் புதுச் சிறுநீரகத்தை அந்நியமாகக் கண்டு தாக்கும். அதனால்தான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் என்று பெரும்பாலும் மூன்று மருந்து. முதல் சில மாதங்களில் ஆபத்து அதிகம், அளவும் அதிகம். பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். குறைக்காமல் விடவும் முடியாது: டாக்ரோலிமஸ் சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம், காப்பாற்ற வந்த சிறுநீரகத்தையே நாளடைவில் கெடுக்கவும் கெடுக்கும்.

எவ்வளவு குறைப்பது? ரத்தத்தைக் கேட்க வேண்டும். காலை மாத்திரைக்குச் சற்றுமுன், மருந்தின் அளவு மிகவும் இறங்கியிருக்கும்போது ரத்தம் எடுப்பார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சேலம் பஸ் ஏறினால் அந்த ரிப்போர்ட் வீண். பம்பளிமாசு தின்றாலும் அளவு எகிறும்.

அடியோடு நிறுத்த முடியுமா? 1954-ல் பாஸ்டனில் உருவொத்த இரட்டையரில் ஒருவர் மற்றவருக்குச் சிறுநீரகம் கொடுத்தார்; மருந்தே தேவைப்படவில்லை. மற்றவர்களுக்கு, கொடையாளியின் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துச் செலுத்தி உடலைப் பழக்கப் பார்க்கிறார்கள். அகமதாபாத்தில் டாக்டர் எச்.எல். திரிவேதி இந்த வழியில் நிறைய முயன்றார். 2008-ல் வெளியான பாஸ்டன் ஆய்வில் 5 பேரில் 4 பேர் மருந்தை நிறுத்தினார்கள். ஐந்தாமவரின் சிறுநீரகம் போய்விட்டது.