ஓலையில் வளரும் கைத்திறன்

குளிர்நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலமாகும். பொழுது சீக்கிரம் சாயும் அந்நாள்களில் மக்கள் வீட்டுக்குள் அமர்ந்து கம்பளி பின்னுவர். உதிர்ந்த இலைகளைக் கொண்டு அலங்காரப் பொருள்கள் செய்வர். மலேசியாவில் இலையுதிர் காலம் இல்லை. ஆயினும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மழை மிகுகிறது. பிற்பகலில் வானம் இருண்டுவிட்டால் வெளிவேலை எதுவும் நடப்பதில்லை. சிலாங்கூரின் வடக்கே கோல சிலாங்கூர் முதல் சுங்கை பெசார் வரை பரவியுள்ள தோட்டப்புறங்களில், இத்தகைய மழைப்பொழுதுகள் வீட்டுக் கைவேலைக்கு உகந்தவை. அதற்கு வேண்டிய பொருளைக் கடையில் தேட வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தென்னையே அதைத் தருகிறது.

ஒரு மரம், பல சொற்கள்

சுங்கை பெசார், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் உள்ளது. நெல்வயல்களுக்குப் பெயர்பெற்ற இக்கடலோரப் பகுதியில் தென்னையும் நெடுங்காலமாகப் பயிரிடப்படுகிறது. பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ. அதுவும் தென்னைக்குப் பெயர்பெற்ற இடமே. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்குத் தென்னை புதிய மரமன்று. மரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பெயரை அவர்கள் தங்களுடன் கொண்டுவந்தனர். இலை முழுவதையும் தாங்கும் தண்டு மட்டை. அதன் இருபுறமும் தொங்கும் நீண்ட இலைகள் ஓலை. ஓலையின் நடுவில் ஓடும் மெல்லிய நரம்பு ஈர்க்கு. இன்னும் விரியாத இளம் ஓலை குருத்தோலை. மட்டையின் அடியைச் சுற்றியிருக்கும் வலைபோன்ற நார் பன்னாடை. தேங்காயின் ஓடு சிரட்டை.

இச்சொற்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பயன்பாடு இருக்கிறது. சிரட்டை அகப்பையாகிறது, பன்னாடை வடிகட்டியாகிறது, ஈர்க்கு விளக்குமாறாகிறது, குருத்தோலை தோரணமாகிறது.

ஈர்க்கு விளக்குமாறு

தென்னை ஏறத்தாழ மாதத்திற்கு ஒரு மட்டை விடும். நன்கு வளர்ந்த மட்டை ஒன்றில் 200-க்கும் மேற்பட்ட ஓலைகள் இருக்கும். ஆகவே, வெட்டிய ஒரு மட்டையிலிருந்து அதே எண்ணிக்கையில் ஈர்க்குகளும் கிடைக்கும்.

முதலில் ஓலைகளை மட்டையிலிருந்து கழிக்க வேண்டும். பிறகு ஓர் ஓலையின் அடியைப் பிடித்து, சிறு கத்தியை ஈர்க்கோடு ஒட்டி வைத்துச் சீவ வேண்டும். கத்தியை அழுத்தினால் ஈர்க்கு முறிந்துவிடும்; தளர்த்தினால் ஓலை ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுப்பது கடினம். நூறு ஓலைகளைச் சீவிய பிறகு கை அதைத் தானே அறிந்துகொள்ளும்.

சீவிய ஈர்க்குகளை உடனே கட்டிவிடக் கூடாது. பச்சை ஈர்க்கில் நீர் இருக்கும். அதைக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பின்னர் அது காய்ந்து சுருங்கும்போது கட்டும் தளர்ந்துவிடும். எனவே, மழைநாளில் சீவிய ஈர்க்குகளை வெயில் அடிக்கும் நாளில் காயவைப்பர். நன்றாகக் காய்ந்தபின், அடிப்பகுதிகளைத் தரையில் தட்டிச் சமமாக்கி இறுக்கிக் கட்டுவர். கம்பியும் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய இரப்பர்ப் பட்டையும் கட்டுவதற்குப் பயன்படும்.

ஈர்க்கின் அடி தடித்தும் நுனி மெலிந்தும் இருக்கும். அதனால் கைப்பிடிப் பக்கம் உறுதியாக நிற்கிறது. பெருக்கும் பக்கம் வளைந்து கொடுக்கிறது. ஈரமான இலைகளையும் குப்பையையும் இது எளிதாக வாரிக்கொண்டு போகும். மணலோ இடுக்குகளின் வழியே நழுவித் தரையிலேயே தங்கிவிடும். வாசல் பெருக்குவதற்கு இன்றும் இதனைப் பலர் விரும்புவதற்குக் காரணம் இதுவே.

பசையில்லாமல் நிற்கும் பின்னல்

குருத்தோலை வெளிர்மஞ்சளாக இருக்கும். வெயில் படாமல் சுருண்டிருப்பதால் அதில் இன்னும் பச்சையம் உருவாகியிருக்காது. மென்மையாக இருப்பதால், மடித்தாலும் அது எளிதில் ஒடிவதில்லை. திருமணம், பொங்கல், கோவில் திருவிழா போன்ற நிகழ்ச்சிகளுக்குத் தோரணம் கட்ட இதனையே பயன்படுத்துவர். குருத்தை வெட்டுவோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தென்னைக்குக் கிளைகள் இல்லை. ஒரே ஒரு வளர்முனைதான் உண்டு. அது காயப்பட்டால் மரமே பட்டுப்போகும்.

சிறுவர்கள் குருத்தோலையில் கிளி, பந்து, காற்றாடி முதலியவற்றைச் செய்வர். ஓலையைக் கூம்பாகச் சுற்றி, ஓர் ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்தினால் பீப்பீ தயார். மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குச் செய்யும் கெத்துப்பாட்டின் கூடும் இதே குருத்தோலையால் ஆனதுதான். அண்டை வீட்டாரிடமிருந்து அந்தப் பின்னலைக் கற்றுக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

இவை எவற்றிலும் பசையோ ஆணியோ இல்லை. அப்படியிருந்தும் பின்னல் பிரியாமல் நிற்பது எப்படி? ஓர் ஓலைப்பட்டை அடுத்த பட்டையின் மேலே சென்று, அதற்கடுத்ததன் கீழே நுழைகிறது. பக்கத்துப் பட்டை இதற்கு நேர்மாறாகச் செல்கிறது. இதனால் ஒவ்வொரு பட்டையும் மற்றொன்றை அழுத்திப் பிடிக்கிறது. அவற்றுக்கிடையே ஏற்படும் உராய்வு, பட்டைகளை நழுவ விடுவதில்லை. கெத்துப்பாட்டுக் கூட்டில் அரிசியை முழுவதும் நிரப்பமாட்டார்கள். பல மணி நேரம் வேகும்போது அரிசி பருத்துக் கூட்டை நிறைக்கிறது. மேலும் பருக்க இடமில்லாததால் கெட்டியான சோற்றுக் கட்டியாகிறது. பின்னல் இறுக்கமாக இல்லாவிட்டால் சோறு குழைந்துவிடும். ஓரிடத்தில் மேல் கீழ் மாறிவிட்டாலும் அந்த வரிசை முழுவதும் தளரும். அப்போது, தவறு நேர்ந்த இடம்வரை அவிழ்த்து மீண்டும் பின்னுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெயரில் மட்டும் தென்னை

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உருவானது. அதனை உருவாக்கியவர் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். இவர் பின்னாளில் மலாயா வாழ்க்கையைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930-இல் பிரான்ஸின் கொங்கூர் பரிசைப் பெற்றார். அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. தமிழ்ப் பெயர் தாங்கிய அந்த மண்ணிலிருந்துதான் தென்னையின் இடத்தைப் பிடிக்கப்போகும் மற்றொரு மரத்தின் கதை தொடங்கியது.

பின்வந்த காலத்தில் செம்பனை நாடெங்கும் பரவியது. 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவில் 3 இலட்சம் ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் தென்னை இருந்தது. இன்று அது 1 இலட்சம் ஹெக்டருக்கும் குறைவு. தோட்டங்களை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்குப் பின்வாசலில் தென்னை நடுவதற்கு இடமில்லை. பிளாஸ்டிக் தோரணம் கடையில் கிடைக்கிறது, அது வாடுவதுமில்லை.

எனினும், கைத்திறன் புதிய பொருளையும் ஏற்றுக்கொள்ளும். செம்பனை ஓலையிலும் ஈர்க்கு உண்டு. அதனைச் சீவி விளக்குமாறு கட்டுவோரும் இருக்கின்றனர். தென்னையில் பழகிய கைக்கு அது கடினமான வேலையன்று.

கையிலிருந்து கைக்கு

மரம் குறைந்தால் மீண்டும் நடலாம். கைத்திறன் மறைந்தால் அவ்வளவு எளிதாக மீட்க முடியாது. ஓலை பின்னும் முறையைக் காணொளியில் பார்க்கலாம். ஆனால், எந்த அளவுக்கு இழுத்து இறுக்குவது, எப்போது விடுவது என்பவை திரையில் தெரிவதில்லை. பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் பின்னும்போதே தானும் பின்னிப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் அவை புலப்படும். தவறும்போது பாட்டி தம் விரலால் அந்தப் பட்டையைத் தொட்டுக் காட்டுவார். அப்போதுதான் ‘குருத்து’, ‘ஈர்க்கு’, ‘பன்னாடை’ போன்ற சொற்களும் காதில் விழும். செய்யும் வேலை நின்றுபோனால், அவ்வேலைக்குரிய சொற்களும் அகராதிக்குள் ஒதுங்கிவிடும்.

முதலில் செய்யும் தோரணம் பெரும்பாலும் கோணலாகவே அமையும். முதலில் கட்டும் விளக்குமாறு சில நாள்களில் தளர்ந்துவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓலை மீண்டும் கிடைக்கும். மழையும் மீண்டும் பெய்யும். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு பிற்பகலை அவர்களோடு செலவிட்டால், அடுத்த தோரணம் நேராக அமையும்.