விண்டோஸ் எக்ஸ்பியின் மேம்படுத்தலும் ஆதரவுக்காலமும்

விண்டோஸ் எக்ஸ்பி என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தினால் 2001 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் நாள் வெளியிடப்பட்ட, மேசைக்கணினிகளுக்கும் மடிக்கணினிகளுக்குமான ஓர் இயங்குதளம் ஆகும். இதற்கான ஆதரவு 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள் முடிவுற்றது. ஏறத்தாழப் பன்னிரண்டரை ஆண்டுகள் நீடித்த இக்காலத்தில் இவ்வியங்குதளம் மூன்று சேவைப் பொதிகளாலும் நூற்றுக்கணக்கான பாதுகாப்புத் திருத்தங்களாலும் தொடர்ந்து மாற்றியமைக்கப்பட்டு வந்தது. இக்கட்டுரை அம்முறையையும், ஆதரவு முடிவுற்ற பின் நேர்ந்தவற்றையும் விளக்குகின்றது.

ஆதரவு என்பதன் பொருள்

இயங்குதளம் ஒன்று விற்பனைக்கு வந்த பின்னரும் அதில் வழுக்கள் கண்டறியப்பட்ட வண்ணம் இருக்கும். அவற்றுட் சில, பிறர் இணையத்தினூடாகக் கணினிக்குள் நுழைய வழிதருபவை. இவை பாதுகாப்பு ஓட்டைகள் எனப்படுகின்றன. எக்ஸ்பி மூடிய மூல மென்பொருள் ஆகையால், இவ்வோட்டைகளை அடைக்கும் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனமே ஆக்கி வழங்க வேண்டியிருந்தது. அவ்வாறு வழங்குவதாக நிறுவனம் பொறுப்பேற்கும் காலமே ஆதரவுக்காலம் ஆகும்.

எக்ஸ்பியின் ஆதரவுக்காலம் இரு கட்டங்களைக் கொண்டது. முதன்மை ஆதரவுக் கட்டத்தில் பாதுகாப்புத் திருத்தங்களுடன் ஏனைய வழுக்களுக்கான திருத்தங்களும் புதிய வசதிகளும் வழங்கப்பட்டன. இக்கட்டம் 2009 ஏப்ரல் 14 இல் முடிவடைந்தது. அதன் பின்னர் வந்த நீட்டித்த ஆதரவுக் கட்டத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே அனைவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டன. முதலில் இக்கட்டம் நிறுவனங்கள் பயன்படுத்தும் புரொபெஷனல் பதிப்புக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2007 ஜனவரியில் ஹோம் பதிப்புக்கும் அது விரிவாக்கப்பட்டது.

மாதாந்தத் திருத்தங்கள்

தொடக்கத்தில் திருத்தங்கள் ஆயத்தமானபோதெல்லாம் வெளியிடப்பட்டன. பல கணினிகளைப் பராமரிக்கும் நிர்வாகிகளுக்கு இது இடராக இருந்தமையால், 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் திருத்தங்களை ஒருங்கே வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. மிக அவசரமான திருத்தங்கள் மட்டும் இடையில் வெளியிடப்பட்டன.

திருத்தம் வெளியிடப்படுவதனால் மட்டும் கணினி பாதுகாப்புப் பெறுவதில்லை. அது கணினியில் நிறுவப்படவும் வேண்டும். திருத்தப்பட்ட கோப்பைப் பழைய கோப்புடன் ஒப்பிட்டு, எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பதைத் தாக்குவோரும் அறிந்துகொள்ள இயலும். எனவே திருத்தத்தை நிறுவாத கணினிகளுக்கு, அது வெளியான நாள் முதல் இடர் கூடுகின்றது. 2003 ஜூலை 16 இல் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. அதே ஓட்டையைப் பயன்படுத்திய பிளாஸ்டர் என்னும் கணினிப்புழு ஆகஸ்ட் 11 இல், அதாவது நான்கு கிழமைகளுக்குள், பரவத் தொடங்கியது. திருத்தம் நிறுவப்படாத எக்ஸ்பி கணினிகள் ஒரு நிமிட அறிவிப்புடன் மீண்டும் மீண்டும் தாமாகவே மறுதொடக்கம் செய்துகொண்டன. திருத்தங்களைப் பெற உதவும் இணைய முகவரியொன்றையே தாக்கும்படியும் இப்புழு எழுதப்பட்டிருந்தது.

சேவைப் பொதிகள்

சேவைப் பொதி என்பது அதுவரை வெளியான திருத்தங்களை ஒன்றுதிரட்டி, சில புதிய வசதிகளையும் சேர்த்து வழங்கும் பெருந்தொகுப்பாகும்.

முதலாவது சேவைப் பொதி 2002 செப்டம்பரில் வெளியானது. இதற்கான ஆதரவு 2006 அக்டோபர் 10 இல் முடிவுற்றது.

இரண்டாவது சேவைப் பொதி 2004 ஆகஸ்டில் வெளியானது. பிளாஸ்டர் போன்ற புழுக்களின் பின்னணியில், பாதுகாப்பை முதன்மையாகக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. தீச்சுவர் இயல்பாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது; பாதுகாப்பு மையம் சேர்க்கப்பட்டது; தானியங்கி மேம்படுத்தலை இயக்குமாறு பயனர் வலியுறுத்தப்பட்டார். மெதுவான இணைய இணைப்பு உடையோருக்காக இது குறுவட்டிலும் இலவசமாக வழங்கப்பட்டது. இதற்கான ஆதரவு 2010 ஜூலை 13 இல் முடிவுற்றது.

மூன்றாவது சேவைப் பொதி 2008 மே மாதத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்தது. 32 இருமப் பதிப்பைப் பொறுத்தவரை இதுவே இறுதிப் பொதியாகும். 2010 ஜூலைக்குப் பின்னர் இப்பொதியை நிறுவிய கணினிகளே திருத்தங்களைத் தொடர்ந்து பெற்றன. ஆகவே ஓர் இயங்குதளம் ஆதரவில் இருப்பதாகக் கூறப்பட்டாலும், கணினியிலுள்ள சேவைப் பொதி எது என்பதைப் பொறுத்தே அக்கணினிக்கு ஆதரவு உண்டா என்பது முடிவாகின்றது.

ஆதரவின் முடிவு

ஆதரவு முடிந்ததும் கணினி நின்றுவிடுவதில்லை. எக்ஸ்பி 2014 ஏப்ரலுக்குப் பின்னரும் முன்போலவே இயங்கியது. இதனாற் பலர் அதனை மாற்றவில்லை. ஆனால் விண்டோஸின் பிந்தைய பதிப்புகள் எக்ஸ்பியுடன் நிரற்பகுதிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. 2012 ஜூலை முதல் 2013 ஜூலை வரையிலான காலத்தில் எக்ஸ்பியைப் பாதித்த பாதுகாப்பு அறிக்கைகள் 45 எனவும், அவற்றுள் 30 விண்டோஸ் 7, விண்டோஸ் 8 ஆகியவற்றையும் பாதித்தன எனவும் மைக்ரோசாப்ட் தெரிவித்தது. எனவே புதிய பதிப்புக்கு வெளியாகும் ஒவ்வொரு திருத்தமும், பழைய பதிப்பில் என்றும் அடைக்கப்படாதிருக்கும் ஓட்டையைச் சுட்டிக்காட்டக்கூடும்.

உடனடியாக மாற இயலாத அரசுகளும் பெருநிறுவனங்களும் கட்டணம் செலுத்தித் தனி ஆதரவு பெற்றன. ஐக்கிய இராச்சிய அரசு 2014 இல் ஓராண்டுக்கு ஏறத்தாழ 55 இலட்சம் பவுண்டு செலுத்தியது. பொதுமக்களுக்கும் விதிவிலக்காகச் சில திருத்தங்கள் கிடைத்தன. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியிலிருந்த ஓட்டைக்கு 2014 மே 1 இல் வெளியானது அவற்றுள் முதலாவதாகும்.

இந்தியாவில் வங்கிகளின் தானியங்கிப் பணவழங்கிகள் பலவற்றில் எக்ஸ்பி தொடர்ந்து இயங்கியது. ஆதரவற்ற இயங்குதளங்களைப் படிப்படியாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளைப் பணித்தது.

வானாகிரை தாக்குதல்

2017 மே 12 இல் வானாகிரை என்னும் புழு உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய நலச்சேவையில் 236 அறக்கட்டளைகளுள் 81 இதனால் பாதிப்புற்றன. நோயாளர்களின் முன்பதிவுகளும் அறுவைச் சிகிச்சைகளும் கைவிடப்பட்டன. இத்தாக்குதலுக்கு எக்ஸ்பியே காரணம் எனப் பரவலாகக் கருதப்பட்டது. எனினும் தொற்றுக்குள்ளான கணினிகளுள் மிகப் பெரும்பான்மையானவை, அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 இயங்கியவை. அதற்குரிய திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14 இலேயே வெளியாகியிருந்தும் அவற்றில் நிறுவப்படவில்லை. தாக்குதலைத் தொடர்ந்து எக்ஸ்பிக்கும் திருத்தம் பொதுவில் வெளியிடப்பட்டது. திருத்தம் கிடைக்காத கணினியும், கிடைத்த திருத்தத்தை நிறுவாத கணினியும் பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒரே நிலையில் உள்ளன என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பிந்தைய பதிப்புகள்

விண்டோஸ் 7 இன் ஆதரவு 2020 ஜனவரி 14 இலும், விண்டோஸ் 8.1 இன் ஆதரவு 2023 ஜனவரி 10 இலும், விண்டோஸ் 10 இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 இலும் முடிவுற்றன. விண்டோஸ் 8 முதல் சேவைப் பொதிகள் வெளியிடும் முறை கைவிடப்பட்டது. விண்டோஸ் 10 இல் அவற்றுக்குப் பதிலாகக் குறித்த கால இடைவெளிகளில் வசதி மேம்படுத்தல்கள் வெளியாயின; அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆதரவுக்காலம் வகுக்கப்பட்டது. எக்ஸ்பி காலத்தில் நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைத்த ஆதரவு நீட்டிப்பு, விண்டோஸ் 10 ஐப் பொறுத்தவரை தனிப்பயனர்களுக்கும் ஓராண்டுக்கு வழங்கப்பட்டது.