நாடா இல்லாத கேசட் பாடுவது எப்படி?

மாமாவின் கார் 2002 மாடல். கம்பெனியிலேயே டேஷ்போர்டில் பதித்துக் கொடுத்த கேசட் ஸ்டீரியோ இன்னும் ஒரு குறையும் இல்லாமல் பாடுகிறது. “புது டச் ஸ்கிரீன் செட் போட்டுரலாமா மாமா?” என்று கேட்டால், “வேணாம் மாப்ள. என் கல்யாணத்து நாகஸ்வரக் கேசட்ட அப்புறம் எதுல போட்டுக் கேக்குறது?” என்பார். ஆனால் போனில் சேர்த்து வைத்திருக்கும் கச்சேரிகளையும் அவர் வண்டியில் கேட்க வேண்டும். அதற்காகக் கேசட் வடிவில், வாலாக ஒரு வயர் தொங்கும் அடாப்டர் வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் அது ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் பாடியது. திருப்புளியை எடுத்துத் திருகுகளைக் கழற்றி, கேசட்டை இரண்டாகப் பிரித்தேன்.

உள்ளே நாடா இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் சில, அடிவிளிம்பின் நடுவில் பளபளக்கும் ஒரு சிறிய உலோகக் கட்டி, அதில் பற்ற வைத்த மெல்லிய கம்பிகள். அவ்வளவுதான். நாடாவே இல்லாமல் கேசட் பிளேயர் எப்படிப் பாடுகிறது?

ஹெட் எதிர்பார்ப்பது எதை?

1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதன் நாடா 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலம் கொண்டது. நாடாவில் பூசிய இரும்பு ஆக்சைடு துகள்களில் பாட்டு காந்தமாகப் பதிந்திருக்கிறது. நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நாடா, ஸ்டீரியோவுக்குள் கம்பிச்சுருள் சுற்றிய ‘ஹெட்’ என்ற பாகத்தை உரசிக்கொண்டு ஓடும்போது, ஹெட்டுக்கு முன்னால் காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி. ஹெட்டில் அப்படிக் கிளம்பும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஸ்டீரியோ அதை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

இந்த விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. காந்தப்புலம் மாற வேண்டும் என்பதே நிபந்தனை. நாடா ஓட வேண்டும் என்பது நிபந்தனை இல்லை. அடாப்டரில் உள்ள உலோகக் கட்டியும் ஒரு ஹெட்தான். போனிலிருந்து வரும் மின்னோட்டம் அதன் சுருளில் ஏறி இறங்க, அதன் காந்தப்புலமும் கூடவே ஏறி இறங்குகிறது. எதிரே முகத்தோடு முகம் ஒட்டி நிற்கும் ஸ்டீரியோவின் ஹெட் அதை உணர்ந்து பாடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வயர் தொடர்பு கிடையாது. இரண்டு ஹெட்டும் நேருக்கு நேர் பொருந்தாவிட்டால் ஓசை மங்கும். கஞ்சிராவின் ஜல்லிச் சத்தம் போன்ற கூர்மையான ஒலிகள்தான் முதலில் அடிபடும்.

அப்படியானால் பல்சக்கரங்கள் எதற்கு? நாடா சிக்கினால் உடனே நிறுத்துவதற்காக, ரீல் சுற்றுகிறதா என்பதை ஸ்டீரியோ கவனித்துக்கொண்டே இருக்கிறது. சுழற்சி நின்றால் கேசட்டை வெளியே தள்ளும், அல்லது பக்கத்தை மாற்றும். ஒரு ரீலின் சுழற்சியை மற்றதற்குக் கடத்தி, நாடா ஓடுவதாகவே அதை நம்ப வைப்பது இந்தச் சக்கரங்கள்தான். அடாப்டர் போட்டதும் கேட்கும் ‘கிர்ர்’ ஓசை இவற்றுடையது.

வானொலி வழி

கேசட் வாய் இல்லாத, எஃப்.எம். மட்டும் உள்ள ஸ்டீரியோவுக்கு வேறு வழி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் குட்டி டிரான்ஸ்மிட்டர், போனின் பாட்டை எஃப்.எம். அலையாக்கி காருக்குள்ளேயே ஒலிபரப்பும். ரேடியோவுக்கு அது இன்னொரு நிலையம்.

இதன் பலவீனத்தை ஒரு கணக்கு காட்டிவிடும். ஐரோப்பாவில் இத்தகைய கருவிக்கு அனுமதித்த உச்ச ஆற்றல் 50 நானோவாட். அது ஆன்டெனாவிலிருந்து 2 மீட்டரில் இருக்கட்டும். 10 கிலோவாட் வானொலி நிலையம் ஒன்று 20 கி.மீ. தொலைவில் இருக்கட்டும். அலையின் வலு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று கணக்கிட்டால், அத்தனை தொலைவிலிருந்தும் நிலையத்தின் அலையே சுமார் 2,000 மடங்கு வலுவாக வந்து சேர்கிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு அலைகள் மோதினால் எஃப்.எம். ரேடியோ வலுவானதைப் பற்றிக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். ஆகவே காலியான அலைவரிசையைத் தேடியே ஆக வேண்டும். சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5 என்று நிலையங்கள் 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே இடம் பிடித்தாலும், நெடுஞ்சாலையில் ஊர் மாற மாற நிலையங்களும் மாறும்; காலி இடத்தை மறுபடி தேட வேண்டும். போதாக்குறைக்கு, எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைச் சுமப்பதில்லை. வேறு வழியே இல்லாதபோது கைகொடுப்பது இந்த முறை.

ஆக்ஸிலேட்டரோடு ஏறும் கீச்சொலி

ஸ்டீரியோவில் ‘ஆக்ஸ்’ துளை இருந்தால் வேலை எளிது. 3.5 மி.மீ. ஜாக்கின் நுனி இடது பக்கத்துக்கு, அடுத்த வளையம் வலது பக்கத்துக்கு, அடிப்பகுதி எர்த்துக்கு. போனின் ஒலியளவை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, மீதியைக் காரின் குமிழில் கூட்டிக் குறைப்பது நல்லது. போனில் குறைவாக வைத்துக் காரில் ஏற்றினால், பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இங்கே பலரையும் படுத்தும் சிக்கல் ஒன்று உண்டு. போனை ஆக்ஸில் மாட்டி, கூடவே காரிலேயே சார்ஜும் போட்டால், பாட்டுக்குப் பின்னால் ‘ஙொய்ய்’ என்று ஒரு கீச்சொலி கேட்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறும். இது ஆல்டர்நேட்டரின் குரல். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும்போது, புல்லி விகிதம் 2.5 என்றால் ஆல்டர்நேட்டர் 2,000 சுற்று சுற்றும். 12 காந்த முனைகள் கொண்ட ஆல்டர்நேட்டரில் அது 200 ஹெர்ட்ஸ் மின்சாரம். மூன்று பேஸையும் டயோடுகள் நேர்மின்சாரமாக்கும்போது, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஆறு சிற்றலைகள் எஞ்சுகின்றன. ஆக 1,200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 2,400 சுற்றைத் தொட்டால் அது 3,600. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. சிற்றலை சிறிதென்றாலும் இவ்வளவு தொல்லை தருவது இதனால்தான்.

அது பாட்டுக்குள் நுழையும் வழி எர்த். சார்ஜரின் எர்த் காரின் உடலில் ஓரிடத்தைத் தொடுகிறது. ஸ்டீரியோவின் எர்த் இன்னோரிடத்தை. இரண்டு இடங்களுக்கும் நடுவில் சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே போதும், ஆக்ஸ் வயரின் எர்த் வழியாக மின்சாரம் வட்டமடித்துப் பாட்டோடு கலந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்: கீச்சொலி நின்றால் காரணம் இதுவே.

தீர்வு, ஆக்ஸ் வயரின் நடுவில் மாட்டும் சின்ன ‘ஐசோலேட்டர்’. அதற்குள் இருப்பவை இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். ஒரு சுருளின் பாட்டை அடுத்த சுருள் காந்தத்தின் வழியே வாங்கிக்கொள்கிறது. எர்த்துகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. கேசட் அடாப்டரில் பார்த்த அதே ஃபாரடே விதிதான். ஆனால் மலிவான ஐசோலேட்டரின் சிறிய இரும்புக்கருவால் தாழ்ந்த ஒலிகளைச் சுமக்க முடியாது. மிருதங்கத்தின் வலந்தலை தெளிவாகக் கேட்க, தொப்பி மெலிந்துவிடும்.

டிக்கியில் இல்லாத சிடி பெட்டி

கேசட் வாயும் ஆக்ஸும் இல்லாத சில ஸ்டீரியோக்களின் முதுகில், டிக்கியில் வைக்கும் சிடி சேஞ்சருக்கான பல பின் சாக்கெட் இருக்கும். அதன் ஆடியோ பின்களில் பாட்டை நேரடியாகக் கொடுத்தால் ஸ்டீரியோ கேட்காது. ‘சேஞ்சர் இருக்கிறதா? எந்த சிடி, எத்தனையாவது பாட்டு?’ என்று தகவல் கம்பியில் அது விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வந்தால்தான் கதவைத் திறக்கும். அந்தப் பதிலைச் சேஞ்சரைப் போலவே சொல்லும் சிறிய மின்னணுப் பெட்டிகள் உண்டு. 2004இல் பி.எம்.டபிள்யூ.வும் ஆப்பிளும் சேர்ந்து கொண்டுவந்த ஐபாட் இணைப்பும் இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. ஐபாடின் பாடல் பட்டியல்களைக் கார் சிடிகளாக எண்ணிக்கொண்டது. ஸ்டீயரிங் பொத்தானிலேயே பாட்டை மாற்ற முடிந்தது.

இப்படி ஸ்டீரியோவை வெளியே இழுத்துச் செய்யும் வேலையில், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்டீரியோவின் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருட்டைத் தடுப்பதற்காக, மின்சாரம் போய் வந்ததும் சில செட்டுகள் அந்த எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் மஞ்சள் உறை போட்டிருக்கும் ஏர்பேக் வயர்கள் பக்கம் கை போகவே கூடாது.

இன்று புளூடூத் வந்துவிட்டது. பேட்டரி வைத்த கேசட் வடிவ அடாப்டரிலேயே அது கிடைக்கிறது. ஆனால் அதன் கடைசிக் கண்ணி இப்போதும் ஹெட்டுக்கு எதிரே நிற்கும் ஹெட்தான். பழைய இயந்திரத்தைத் தூக்கி எறியும் முன், அது எதை எதிர்பார்க்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். காந்த மாற்றமா, வானொலி அலையா, ஒரு விசாரணைக்குப் பதிலா? அதைக் கொடுத்துவிட்டால் இருபது வயது ஸ்டீரியோ நேற்று வந்த போனோடும் ஒத்துப்போகும்.

மாமாவின் அடாப்டரில் கோளாறு ஜாக்கின் கழுத்தில் இருந்தது. வளையத்துக்குப் போகும் கம்பி அறுந்திருந்தது. பற்ற வைத்து மூடினேன். கும்பகோணம் போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் கச்சேரி ஒலித்தது. ஊர் நெருங்கியதும் மாமா அடாப்டரை வெளியே எடுத்துவிட்டு, அதே வாயில் கல்யாணக் கேசட்டைச் செருகினார். நாகஸ்வரம் தொடங்கும் முன் ‘ஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய இரைச்சல். நாடாவின் காந்தத் துகள்கள் எழுப்பும் ஓசை அது. மாமா ஒலியளவைச் சற்றுக் கூட்டினார்.