உறைந்த தோளும் ஒரு சிறங்கை நீரும்

உறைபனி விழாத நாட்டிலும் மனிதரின் தோள் உறைந்துவிடுவதுண்டு. பொஸ்ரன் நகரத்து அறுவைச் சிகிச்சை வைத்தியர் கொட்மன் 1934ஆம் ஆண்டில் இந்நோயை ‘உறைந்த தோள்’ என்று குறித்தார். தோள்மூட்டைப் போர்த்தியிருக்கும் மெல்லிய பை அழற்சியுற்றுத் தடித்துச் சுருங்குகிறது. பை சுருங்கவே கையும் கட்டுண்டு விடுகிறது.

நெடுந்தீவில் என் பெரியம்மா ஒருவரிடம் இதனைக் கண்டேன். கிணற்றில் வாளி வாளியாக நீர் அள்ளிப் பழகிய கை அது. ஒரு மாரிகாலத்தில் வலி தொடங்கியது. இரவில் அப்பக்கம் சரிந்து படுக்க இயலவில்லை. சில மாதங்களில் கொண்டை முடியவும் கை எழவில்லை. “வயதுபோனால் இதெல்லாம் வருந்தானே தம்பி” என்று எண்ணெய் பூசிக்கொண்டு மற்றக் கையாற் சமைத்தார். இதற்கென்று கடல் கடந்து வைத்தியரிடம் போவது அவருக்கு வீண்செலவாகத் தோன்றியது.

இந்நோய் 40 முதல் 60 வயது வரையுள்ளோரிடம் மிகுதி. பெண்களையும் நீரிழிவுடையோரையும் அதிகம் பற்றும். முதலில் வலி, பின்னர் இறுக்கம், அதன்பின் மெல்லிய தளர்வு என ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். சிலருக்கு இறுக்கம் முற்றாக நீங்குவதேயில்லை.

சுருங்கிய பையை நீரினாலே விரிக்கும் முறையைச் சுவீடன் நாட்டு அன்ட்ரேன், லுண்ட்பேர்க் என்னும் இருவர் 1965இல் எழுதி வெளியிட்டனர். இன்று எக்ஸ்கதிர் அல்லது ஸ்கான் படத்தின் துணைகொண்டு ஊசியை மூட்டுக்குள் செலுத்துவர். உப்புநீர், மரக்கச்செய்யும் மருந்து, ஸ்டீரொயிட் மருந்து ஆகியவற்றின் கலவை சிறிது சிறிதாக உட்புகும். நலமான மூட்டு ஏறக்குறைய 20 மில்லிலீற்றரை எளிதாகக் கொள்ளும். இறுகிய மூட்டோ பெரும்பாலும் அதிற் பாதியையும் கொள்ளாது. 30, 40 மில்லிலீற்றர் வரை செலுத்த, ஒரு சிறங்கை நீரின் அழுத்தத்தாற் பை விரிகிறது. நீரிழிவுடையோருக்கு ஸ்டீரொயிட் சில நாட்கள் சர்க்கரையை உயர்த்தக்கூடும்; அதனை வைத்தியரிடம் முன்னரே சொல்லுதல் வேண்டும்.

இது மந்திரமன்று. ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கொக்ரேன் மதிப்பீடு, வலியும் இறுக்கமும் சில காலத்துக்குக் குறைகின்றன என்றது. ஏனைய சிகிச்சைகளினும் மேலானது என்று அது துணியவில்லை. நீர் திறந்த வழியைப் பயிற்சியே காக்கவேண்டும். சுவரிலே விரல்களை மெல்ல மேலேற்றுவதும், குனிந்து நின்று கையை ஊஞ்சல்போல் ஆட்டுவதும் நாள்தோறும் வேண்டும்.

நெடுந்தீவார்க்கும் நயினாதீவார்க்கும் குறிகட்டுவான் துறைவரை படகு. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ். ஊர்காவற்றுறையார்க்குப் பண்ணைப் பாலம் உண்டு. ஊசிக்குப் பயணம் வேண்டும். பயிற்சிக்கோ வீட்டுச் சுவரே போதும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. மூட்டின் அமைப்பைத் தமிழிற் படிக்க வழி பிறந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், அவ்வறிவு தீவுகளின் கிணற்றடிவரை சென்று சேரவில்லை. கை எழவில்லை என்று ஒருவர் சொன்னால், ‘வயது’ என்று தேற்றி விடாது, ‘இதற்குப் பெயருண்டு, மருந்துமுண்டு’ என்று சொல்ல நம் ஆசிரியரும் மாணவரும் முன்வரல் வேண்டும்.