பெருக்க மர விதையும் எரியாத கொழுப்பும்

மன்னார் பள்ளிமுனைப் பெருக்க மரத்தைப் பார்க்க வருபவர்கள் அதன் பருமனை வியந்துவிட்டுப் போகிறார்கள். ஆபிரிக்காவின் இந்த மரத்தை அரபு வணிகர்கள் இங்கே கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். எனக்கோ அடிமரத்தைவிட விதைதான் அதிசயம். அதன் எண்ணெயில் ஒலெயிக், பாமிற்றிக் போன்ற வழமையான கொழுப்பமிலங்களோடு மல்வாலிக், ஸ்ரெர்குலிக் என்ற இரண்டு அமிலங்களும் சிறிதளவு உண்டு. அவற்றின் சங்கிலி நடுவே மூன்று காபன் அணுக்களாலான வளையம் ஒன்று இருக்கிறது.

கொழுப்பமிலம் நம் கலங்களின் இழைமணிக்குள் எரிகிறது. அமில முனையிலிருந்து சுற்றுக்கு இரண்டு காபன் வீதம் நொதியங்கள் வெட்டிக்கொண்டே போகும். ஜேர்மனிய அறிஞர் ஃபிரான்ட்ஸ் க்னூப், பென்சீன் வளையம் ஒட்டிய கொழுப்பமிலங்களை நாய்களுக்கு ஊட்டி, சிறுநீரில் மிஞ்சியதை ஆராய்ந்து 1904இல் இதைச் சொன்னார். ஸ்ரெர்குலிக் அமிலத்தில் வளையம் இருப்பது 9ஆம், 10ஆம் காபன்களில். மூன்று சுற்று முடிந்தால் வளையம் 3ஆம், 4ஆம் இடங்களுக்கு வந்துவிடும். அடுத்த சுற்றுக்கான மாற்றம் நடக்கவேண்டிய இடமே அதுதான். இதேபோன்ற வளைய அமிலம் ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தபோது, வெட்டு அங்கேயே நின்றது.

கொழுப்பில் குறையே இல்லாவிட்டாலும் நொதியம் பழுதானால் இதே கதிதான். நடுத்தர நீளச் சங்கிலிகளைக் கையாளும் நொதியத்தில் 304ஆம் இடத்து லைசீன், பரம்பரை விகாரத்தால் குளுட்டமிக் அமிலமாக மாறிவிடுவதுண்டு. அந்த ஒரு மாற்றத்தால் புரதம் சரியாக மடிவதில்லை. வயிறு நிறைந்திருக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பாடு நின்றால், கொழுப்பை எரிக்கவும் முடியாமல் இரத்தச் சர்க்கரை விழுந்து மயங்கிவிடும்.

நல்ல நொதியத்தையும் நஞ்சு முடக்கலாம். 2014இல் பீகாரின் முசாபர்பூரில் லிச்சிப் பழக் காலத்தில் ஏறத்தாழ 390 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். 122 பேர் இறந்தார்கள். லிச்சியிலுள்ள மூன்று காபன் வளையச் சேர்மங்கள் கொழுப்பை எரிக்கும் நொதியங்களைத் தடுத்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வறுமையும் வேதியியலும் சேர்ந்து கொன்றன என்றே சொல்வேன்.

பெருக்கம் பழத்தின் புளிப்புச் சதையைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2008இலேயே அதை உணவாக ஏற்றுக்கொண்டது. சுத்திகரிக்காத விதை எண்ணெயைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சுகமில்லாத பிள்ளை சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.