குறிப்புக் கொப்பியை மூடி வையுங்கள்

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் சாதாரண தரத்தைத் தாண்டி உயர்தரத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் கலைப்பிரிவில்தான் சேருகிறார்கள். விருப்பம் மட்டும் இதற்குக் காரணமில்லை. விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் மலையகத்தில் இன்னும் போதிய அளவில் இல்லை. கலைப்பிரிவில் பலர் எடுக்கும் பாடம் அரசியல் விஞ்ஞானம். முதல் வினாத்தாள் பல்தேர்வு, இரண்டாவது கட்டுரை விடை. இதற்குப் பிள்ளைகள் ஆயத்தமாகும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: டியூஷனில் தந்த குறிப்பை நிறக்கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது. அந்த உழைப்பு உண்மையானது, ஆனால் அதில் பாதி வீணாகப் போகிறது என்பதே என் வாதம்.

உளவியல் நம் உயர்தரத்தில் தனிப்பாடமாக இல்லை. ஆனாலும் பரீட்சைக்குப் படிப்பவருக்கு அதைப்போல் உதவும் துறை வேறில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குச் சிறு உரைப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே மீண்டும் வாசித்தார்கள். மறு சாரார் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களிடம்தான் அதிகம் தங்கியிருந்தது. மீள வாசிப்பு ஏன் இத்தனை பேரை ஏமாற்றுகிறது என்பதும் இதிலேயே தெரிகிறது: வாசித்த கையோடு எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். பரீட்சையோ வாரங்கள் கழித்து வருகிறது.

சரி, மூடிவைத்து எதை எழுதுவது? மலையகப் பிள்ளைக்குச் சொந்த வீட்டுக் கதையே பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது. சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் இடர் விளைவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. அந்தப் பிரிவு நடைமுறையில் இருக்கும்போதே 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. சட்டத்தில் தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளர் என்றோ ஒரு சொல் கிடையாது. இங்கே பிறந்தவரானாலும் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும் என்று மட்டுமே இருந்தது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே தேடுவது? 1949இல் வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மட்டும் என்றானது. 1947 தேர்தலில் இடங்களை வென்ற இலங்கை இந்திய காங்கிரஸுக்கு 1952இல் ஓர் இடமும் கிடைக்கவில்லை. இந்தச் சட்டங்களை எதிர்த்த கொடக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் தீர்ப்புச் சொன்ன கோமறைக் கழகம் (Privy Council), தன் பிரஜைகள் யாரென வரையறுப்பது சட்டமன்றத்தின் உரிமை, 29(2) மீறப்படவில்லை என்றது. சிறுபான்மைக் காப்பீடு, நீதிப் புனராய்வு, பிரஜாவுரிமை, பிரதிநிதித்துவம் ஆகிய நான்கு தலைப்புகளும் இந்த ஒரு கதையில் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை அந்த முடிச்சு முழுதாக அவிழவில்லை.

புள்ளித்திட்டம் கேட்பது குறிப்பில் உள்ள விடயங்களைத்தானே, கதைக்கு யார் புள்ளி போடுவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடயங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. “சிறுபான்மைக் காப்பீட்டின் குறைபாடுகள்” என்று ஐந்து வரியை மனப்பாடம் செய்தவர் மூன்றாவது வரியை மறந்தால் தடுமாறிப்போவார். கொடக்கன்பிள்ளை வழக்கை அறிந்தவர் அந்த வரியைத் தானாகவே கட்டி எழுப்புவார், உதாரணமும் கையில் இருக்கும். கதையில் மட்டும் நின்றுவிட்டால் புள்ளி குறையும் என்பது உண்மைதான். பிரித்தானிய, அமெரிக்க ஆட்சி முறைகளையும் இதே மாதிரி மூடிவைத்து எழுதிப் பழகத்தான் வேண்டும். தனியறையும் மேசையும் இல்லாத லயத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் முடியுமா என்பதே இன்னும் கனமான கேள்வி. வீட்டு வசதிக் குறையை எந்தப் படிப்பு முறையும் ஈடுசெய்யாது. அது அரசு தீர்க்க வேண்டியது. ஆனால் மூடிவைத்து எழுத ஒரு பழைய கொப்பியும் இருபது நிமிடமும் போதும், விலை கொடுத்து வாங்கும் டியூட் தேவையில்லை.

இன்றிரவே தொடங்க ஒரு வினா: 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ், தோட்டத்தில் இருப்பவர் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே அவருடைய லயத்துப் பாதைக்குப் பணம் செலவிடத் தடை இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தடை எப்படி வந்தது, திருத்தம் எதை மாற்றியது, உள்ளூராட்சியின் எந்தக் கோட்பாடு இதில் மீறப்பட்டிருந்தது? முதலில் வாசித்துவிட்டு, கொப்பியை மூடி எழுதுங்கள். அடுத்த வாரம் பார்க்காமல் இன்னொரு தடவை.